மூன்றாம் கட்டிலுக்கு ஒரு விரிப்பு

சளக், சளக்கென்று துணி அலசும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஆவிக்குள் ஆள் தெரியவில்லை.

"அக்கா."

"பாத்து வா வல்லி. தரை வழுக்கும்."

அங்கே சலவை வேலை பார்க்கும் பூங்காவனம் இன்பவல்லியைவிட மூன்று வயது இளையவள். ஆனால் அவர்கள் சேரியில் முதன்முதலில் நாவல் எழுதியவள். இன்பவல்லிக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் அக்கா.

"என் நாவல்ல ஏழாம் அத்தியாயத்துல பாதியை எடுக்கச் சொல்றாரு பதிப்பாளர் மணிமாறன். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. ஒத்துக்கலைன்னா புத்தகமே இல்லையாம்."

"எந்தப் பாதி?"

"செருப்புப் போட்டு நடந்தாருன்னு ஊர்த்தெருவுல எங்கப்பாவை அடிச்சாங்களே, அது இருக்கலாமாம். அன்னிக்கே வீட்டுக்கு வந்து அவர் எங்கம்மாவை அடிச்சது வேணாமாம்."

"மணிமாறன் என்ன, உங்கப்பனுக்கு வக்கீலா?"

இன்பவல்லி சிரிக்கவில்லை.

"நம்ம ஆம்பளைங்க மேல ஊரே கல்லெறியுது, நீயும் ஒண்ணு எடுக்கணுமான்னு கேக்குறாரு. போன வருஷம் அமெரிக்காவுல ஒரு கறுப்பினப் பெண் எழுதின நாவலை மொழிபெயர்த்துக் கொடுத்தேனே, அதுலயும் புருஷன் அடிக்கிறான். ஒரு வரி குறைக்காதேன்னு இதே மனுஷன்தான் சொன்னாரு. பத்து வருஷமா எழுதினது அக்கா. எடுத்துடவா?"

பூங்காவனம் அழுக்குக் குவியலிலிருந்து ரத்தக் கறை படிந்த விரிப்பு ஒன்றை உருவினாள். கறை உள்ளே போகும்படி மடித்தாள். காய்ந்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன்மேல் அழுத்தினாள்.

"ஐயோ, சூடு பட்டா கறை கெட்டியாயிடுமேக்கா!"

பூங்காவனம் மடிப்புக் கலையாமல் அதை நீட்டினாள்.

"பிரசவ வார்டு, மூணாம் கட்டில். மடிச்ச வாக்குலயே போட்டுட்டு வா."

"உள்ள ரத்தம் இருக்குக்கா."

"வெளிய தெரியலையே."

"நாத்தம் அடிக்கும். படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

இன்பவல்லியின் கையிலிருந்த போன் அடித்தது. மணிமாறன். இருவரும் அதைப் பார்த்தார்கள். அது விடாமல் அடித்தது.

"பாக்கிறவன்தான் போன் பண்றான், வல்லி. படுக்கிறவ பண்ண மாட்டா."

இன்பவல்லி போனைக் காதில் வைத்தாள்.

"முழுசாப் போடுங்க தோழர். இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

போனை ஜன்னலில் வைத்துவிட்டு, விரிப்பை வாங்கிப் பிரித்தாள். பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள். பூங்காவனம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

இருவரும் அலசினார்கள்.