அடைபடாத துளைகள்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசினார்கள். இத்தாலியில் ஒரு நகரத்தார் ஊரையே உள்ளே அடக்கும் அளவுக்கு ஒரு பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். தொடங்கினார்களே தவிர, முடித்தபாடில்லை. அஸ்திவாரம் போட்டவர்கள் எல்லாம் செத்தே போனார்கள்.

முகப்பின் செங்கல் சுவர்மேல் பளிங்கு பதிக்கும் வேலை பெர்த்தோல்தோ என்ற கொத்தனுக்கு. அவன் சிவப்புப் பளிங்கு பதித்தால், ஆலயக் குழு கூடி வெள்ளை போடு என்றது. வெள்ளை போட்டால், இரண்டையும் கலந்து போடு என்றது. ஒவ்வொரு தடவையும் சாரத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

அந்தச் சாரத்தில்தான் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. சாரம் பிரியும்போதெல்லாம் முட்டைகள் விழுந்து உடைந்தன.

"குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கக் கூடாதா?" என்று புறா பெர்த்தோல்தோவிடம் கத்தியது.

"என்னிடம் ஏன் கத்துகிறாய்? குழுவிடம் போய்க் கேள்!"

"போனேனே! வாசலுக்கு மேலே எந்தப் புனிதரை நிறுத்துவது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னை யார் பார்த்தார்கள்?"

கடைசியில், சாரக் கட்டையை உருவிய இடத்தில் சுவரிலே சதுரமாக ஒரு துளை இருப்பதைப் புறா கண்டது. உள்ளே போய் முட்டையிட்டு அடைகாத்தது.

கீழ்ப்பாதி ஒருவழியாக முடிந்ததும், மேல்பாதிக்குப் பளிங்கு பதிக்க பெர்த்தோல்தோ சாந்துச் சட்டியோடு ஏறி வந்தான். "எழுந்திரு. துளையை அடைக்காமல் பளிங்கு நிற்காது."

"என்னையும் சேர்த்து அடைத்துவிடு. இன்னொரு கூடு கட்ட எனக்குத் தெம்பில்லை."

அவன் கரணையில் சாந்தை அள்ளினான். புறா அசையவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: "பெர்த்தோல்தோ, இறங்கி வா! வரைபடத்தை மாற்றிவிட்டோம்!"

கையிலிருந்த சாந்தைப் பார்த்தான். புறாவைப் பார்த்தான். சாந்துச் சட்டியை அப்படியே கீழே கவிழ்த்தான். குழுவினர் விரித்துப் பிடித்திருந்த புது வரைபடத்தின்மேல் அது சொத்தென்று விழுந்தது.

"போதுமடா சாமி! இந்தச் சுவர் இவ்வளவுதான்!"

இறங்கியவன் சாரக் கயிறுகளை அறுத்தான். சடசடவென்று சரிந்த கட்டைகளைத் தாண்டி ஊரைவிட்டே போய்விட்டான். குழு வேறு கொத்தனைத் தேடுவதற்கு முன்பு, எந்தக் கொத்தன் என்று சண்டை பிடித்தது. அதற்குள் முட்டைகள் பொரிந்தன.

அன்று முதல்தான் அந்த முகப்பு பாதி பளிங்கும் பாதி வெறும் செங்கல்லுமாக நிற்கிறது. புறாக்களும் அன்று முதல்தான் சுவர்த் துளைகளில் குடியிருந்துகொண்டு, கத்தினாலும் யாரும் கேட்பதில்லை என்று பொழுதெல்லாம் தொண்டைக்குள்ளேயே முணுமுணுக்கின்றன.