வாயில் புல்லோடு வந்த அப்பன்

மிருகங்களெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எத்தனையோ பேசியவற்றுக்கு "தோற்றேன்" என்று சொல்ல மட்டும் நாக்கு கூசியது. அதனால் ஒவ்வொரு கூட்டமும் ஒரு ஜாடை வைத்திருந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மரவட்டை சுருண்டு படுத்துவிடும். குரங்குகள் "அம்பேல்!" என்று கத்திவிட்டுக் கிளை தாவும். மனிதர்கள் முதுகைக் காட்டுவார்கள். மற்ற நாலுகால் பிராணிகளோ ஒரு வாய்ப் புல்லைக் கவ்விக்கொண்டு நின்றால் போதும். புல்லைக் கவ்வியவனை அப்புறம் யாரும் தொடக்கூடாது. கவ்வாமல் ஓடினால் எதிராளி வீடுவரை துரத்திப்போய் வெளுக்கலாம், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

செம்பன் என்ற நாய் அதுவரை புல்லைக் கவ்வியதே இல்லை. கவ்வாததோடு நிற்காமல் அதைக் காடு முழுக்கச் சொல்லித் திரிந்தது. அந்த வாய்தான் அதை வம்பில் மாட்டிவிட்டது.

ஒரு கோடையில், கொம்பையா என்ற வெள்ளாட்டுக் கிடாவுக்கும் செம்பனுக்கும் ஓர் உடைமர நிழலுக்காகத் தகராறு வந்தது. எட்டுப் பேர் படுக்கலாம், அவ்வளவு நிழல். இரண்டுக்கும் ஒரே இடம்தான் வேண்டுமாம்! பேச்சு முற்றி முட்டல் ஆனது. முட்டல் மூன்று நாள் நீண்டது. வேடிக்கை பார்க்க முயல், நரி, கீரி என்று பெருங்கூட்டம் கூடிவிட்டது.

இரண்டாம் நாள் உச்சிப் பொழுதில் கொம்பையா குனிந்து ஒரு வாய்ப் புல்லைக் கவ்வியது.

"பாத்தீகளா! கவ்விட்டான்!" என்று செம்பன் துள்ளிக் குதித்தது.

"எல, இது தோல்வி இல்ல, மத்தியானச் சாப்பாடு" என்று கொம்பையா நிதானமாக மென்றது.

கூட்டம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. மேய்கிறவர்கள் கவ்விய புல்லை மென்றால் சாப்பாடு, மெல்லாமல் நின்றால் தோல்வி. ஆகவே சண்டை தொடரலாம்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் ஓர் அண்டங்காக்கை பறந்து வந்து மரத்தில் உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா பூவாயி சொல்லி அனுப்பிச்சு. குட்டி நாலுக்கும் இமை துடிக்குதாம். இப்பவோ அப்பவோ கண்ணைத் திறந்துருமாம்."

செம்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்து பன்னிரண்டு நாளாகக் குட்டிகள் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. கண் திறந்ததும் முதலில் பார்க்கும் ஆண் முகத்தைத்தான் குட்டிகள் அப்பன் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்து நாய்களுக்கு அப்படித்தான்.

"நீங்க கவலப்படாதீக, சண்டைய முடிச்சிட்டு மெதுவா வாங்க" என்றது காக்கை. "நான் வேணும்னா போயி எதுக்க நிக்கேன். பிள்ளைக என்னயப் பாத்து அப்பான்னு கூப்பிட்டா, என்ன குறைஞ்சிரப் போகுது?"

செம்பனுக்குத் திக்கென்றது. தன் குட்டிகள் நாலும் ஒரு காக்கையின் பின்னால் வாலாட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புல்லைக் கவ்வாமல் ஓடலாம்தான். ஆனால் கொம்பையா பின்னாலேயே வந்து, கண்கூடத் திறக்காத குட்டிகள் நடுவில் கொம்பை நீட்டினால்? கவ்விவிட்டால் நாளைக்கு நரியும் கீரியும் சிரிக்குமே! சிரித்தால் என்ன? சிரிக்கட்டுமே!

செம்பன் குனிந்தது. ஒரு வாய் நிறையப் புல்லைப் பிடுங்கிக் கவ்விக்கொண்டு கொம்பையாவின் முன்னால் நிமிர்ந்து நின்றது.

கொம்பையா கிட்டே வந்து அது மெல்லுகிறதா என்று உற்றுப் பார்த்தது. "நெசமாவால?" என்று கேட்டது. மூன்று நாளாக அதற்கும் கழுத்து வலிதான். "போல, போ! பிள்ளைகளப் போயிப் பாரு!" என்று வழிவிட்டது.

செம்பன் ஓடிற்று. நரி சிரித்ததும் தெரியவில்லை, முள் குத்தியதும் தெரியவில்லை. முன்னால் பறந்துபோன காக்கையை ஓடைக்கரையில் முந்திவிட்டது. வாயில் இருந்ததைத் துப்பக்கூட நேரமில்லாமல் வளைக்குள் தலையை நீட்டியது.

மூத்த குட்டி அப்போதுதான் கண்ணைத் திறந்தது. சின்னதாக, ஈரமாக, நீலம் பாரித்த கண். அது செம்பனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு இரண்டாவது திறந்தது. மூன்றாவது, நாலாவது. நாலும் தத்தித் தத்தி வந்து அப்பன் வாயை முகர்ந்து, தொங்கிய புல்லை இழுத்துக் கடித்தன. செம்பனுக்கு வந்த சந்தோஷத்தில் வால் பக்கத்துச் செடிகளையெல்லாம் அடித்துச் சாய்த்தது.

"தோத்துட்டா வாரீக?" என்றது பூவாயி.

"ஆமா, தோத்துட்டு ஓடி வாரேன்!"

பூவாயி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டது.

வாயில் புல் என்றால் தோல்வி ஜாடை என்று அந்தக் குட்டிகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பன் என்றால் வாயில் புல்லோடு ஓடி வருகிறவன் என்றுதான் அவை நினைத்துக்கொண்டன. வளர்ந்து தாங்களும் குட்டி போட்டபோது அப்படியே செய்தன. இன்றைக்கு வயிறு முட்டக் கறிச்சோறு தின்ற நாயும் போகிற போக்கில் நாலு புல்லைக் கடிப்பது அன்று பிடித்த வழக்கம்தான். அப்போது அதன் வாலைப் பாருங்கள், தோற்றவன் வாலா அது?