ஆகஸ்ட் மாதத்து ஹீட்டர்

மஸ்கட் பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப். அங்கே பிளம்பர் நம்ம நாகர்கோவில் மரியசூசை. ஆகஸ்ட் வந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் சோறே வடிக்கலாம், அப்படிக் கொதிக்கும்.

புதிதாக வந்த மேனேஜர் குணசீலன் அறை அறையாகப் பார்வையிட்டார். குளியலறைக்குக் குளியலறை ஹீட்டர்!

"யோவ், இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்குய்யா? எல்லாத்தையும் கழட்டு!"

"சார், அது வந்து..."

"எதிர்த்துப் பேசினா நாளைக்கே ஊருக்கு ஃபிளைட்!"

கேம்பில் இருந்த நாற்பது பேருக்கும் குளியல் போச்சு என்று முகம் வாடியது. மரியசூசை மட்டும் பணிவாகத் தலையாட்டினார். "நல்ல உத்தரவு சார். உங்க ரூம்ல இருந்தே தொடங்கட்டுமா? எல்லாருக்கும் முன்மாதிரியா இருக்கும்."

முன்மாதிரி என்றதும் மேனேஜருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "முதல்ல என்னோடதைக் கழட்டு!"

அந்த ஒன்றைக் கழற்றவே பொழுது சாய்ந்துவிட்டது. மரியசூசைக்கு அன்றைக்கு அவ்வளவு நிதானம்.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக அலறிக்கொண்டு ஓடிவந்தார். "வெந்துட்டேன்யா! நேத்துவரைக்கும் ஜில்லுனு வந்துச்சே!"

"அது ஹீட்டர் தண்ணி சார். சுவிட்சை அணைச்சுட்டா, ஹீட்டருக்குள்ள நிக்கிற தண்ணி ஏசி ரூம் குளிர்ல ஆறிக் கிடக்கும். அதான் ஹீட்டர்ல இருந்து வர்ற சிவப்புக் குழாயைத் திறங்கன்னு வந்த அன்னிக்கே சொன்னேன். இங்க எல்லாரும் குளிக்கிறது அதுலதான்."

"உடனே மாட்டுய்யா! மத்தவங்களோடதைத் தொடவே தொடாதே!"

மரியசூசை ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்:

"இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்கு சார்?"