பிஞ்ச தோசையும் ராசாவோட வில்லும்

உக்காருங்கய்யா, உக்காருங்க! அந்த மூலையில என்ன பஞ்சாயத்து? வெத்தல மெல்றவுக மெல்லுங்க, பேசுறவுக மட்டும் நிறுத்துங்க. ரெண்டு வாய் சேந்து பேசுனா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிரும்.

அந்தக் காலத்துல கொன்றையூருச் சீமைய இடும்பவர்மன்னு ஒரு ராசா ஆண்டாரு. சின்ன வயசுல ஒரே ஒருக்கா வில்லெடுத்தவரு. கண்ண மூடிக்கிட்டு விட்ட அம்பு, போற போக்குல ஒரு மாங்காய அடிச்சிருச்சு. அவ்வளவுதான்! ஆஸ்தான பண்டிதர் வைகுந்தநாதர் மூக்காலயே பாடுனாரு: "ஆஹாஹா பிரபோ! கருவுலயே வித்தையோட வந்த கையில்லையோ இது!"

அன்னைக்குச் சுவத்துல மாட்டுன வில்லுதான், ராசா அப்புறம் தொடவே இல்ல. ரெண்டாவது அம்பு தப்பிப்போச்சுன்னா? அந்தப் பயம் வயித்துக்குள்ள. வாய் மட்டும், "சிங்கம் போயி எலி புடிக்குமா?"ன்னு கேக்கும். வில்லுக்குத் தெனம் மாலை, சாம்பிராணி. அதுல பழகுனது ஒரு சிலந்திதான்.

இந்தப் பெருமையில ஒரு சட்டம் வேற போட்டாரு. மொதத் தடவை வராதவனுக்கு எப்பவுமே வராது. ஒருக்காத் தப்புனவன் அத மறுபடி தொடக்கூடாது. மொதக் குடம் கோணிப்போன குயவன் சக்கரத்தக் கவுத்துட்டுச் சும்மா உக்காந்தான். மொத நாள் சுருதி பிசகுன நாதசுரக்காரன் மாடு மேய்க்கப் போனான்.

ராசாவுக்கு ஒரே மக, வடிவு. அரமணைக் கிளி அவளவிட அதிகம் பேசும், அவ்வளவு அமைதியான புள்ள. பட்டத்துக்கு வரவேண்டியவ. அந்தச் சீமையில குதிரை ஏறத் தெரியாதவுகளுக்குப் பட்டம் கெடையாது. வடிவு மொத நாள் ஏறுனா. லாயத்து வாசல்லயே பொத்துன்னு விழுந்தா.

"ஐயய்யோ பிரபோ, கொழந்தைக்கு வராது!" பண்டிதருக்குக் கண்ணீர், உள்ளுக்குள்ள கும்மாளம். "எந் தங்கச்சி மகன் அழகியநம்பிய எடுத்துக்கோங்களேன். இந்த வயசு வரைக்கும் ஒரு தடவகூட விழுந்தவன் இல்ல!"

ராசாவுக்கு மகள விட்டுக்குடுக்க மனசில்ல. ஆனா சட்டத்த மாத்துனா மாங்காய்க் கதை என்னத்துக்கு ஆகும்? "வர்ற வெள்ளிக்கிழமை நம்பிக்கு இளவரசுப் பட்டம்"ன்னுட்டாரு. வடிவு எந்திரிச்சா. முழங்கால் மண்ணத் தட்டிட்டுப் போயிட்டா.

மந்திரி ஒச்சப்பன் கூட எதுத்துப் பேசல. "ராசா சொன்னா சரிதான்"னு ஒரு கும்புடு போட்டுட்டு, நேரா சமையக்கட்டுக்குப் போனாரு.

மறுநா காலையில சபை கூடிருச்சு. தோசையத் தின்னுக்கிட்டே நியாயம் சொல்றது ராசாவோட வழக்கம். தோசை மொறுமொறுன்னு இல்லேன்னா, அன்னைக்கு நியாயமும் வேகாது.

"எங்கய்யா தோசை?"

"புதுக்கல்லு ராசா. மொதத் தோசை ஒட்டிக்கிட்டுப் பிஞ்சுபோச்சு. சட்டப்படி கல்லத் தூக்கி எறிஞ்சாச்சு"ன்னாரு மந்திரி.

"வேற கல்லு போடுறது?"

"அதுலயும் பிஞ்சுது. எறிஞ்சாச்சு."

வெளிய 'டங்'குன்னு ஒரு சத்தம்.

"அது அதுக்கடுத்த கல்லு ராசா."

"யோவ், பழைய கல்லு என்னய்யா ஆச்சு?"

"அதுவும் வாங்குன அன்னைக்கு மொதத் தோசையப் பிச்ச கல்லுதானாம், சமையக்காரம்மா ஒத்துக்கிட்டாங்க. இத்தன வருசமா சட்டத்த ஏமாத்தியிருக்கு. விடலாமா?"

வெயில் ஏறுச்சு. 'டங்.' ராசா வயிறு சபை முன்னால முறையிட ஆரம்பிச்சிருச்சு. பண்டிதர் குனிஞ்சு, "பிரபோ, பிறவியிலயே தோசை வரக்கூடிய கல்லு எங்கயாவது இருக்கும்..."

"அட சும்மா இரும்யா!" ராசா எந்திரிச்சு நின்னுட்டாரு. "பொறந்தவொடனே எந்தக் கல்லுய்யா தோசை தரும்? எண்ணெயத் தடவி, வெங்காயத்தத் தேச்சு, நாலு தோசை பிஞ்சாத்தான் கல்லு பழகும்! இது தெரியாம எறியச் சொன்ன முட்டாப்பய எவன்?"

சபை மொத்தமும் மந்திரியத் திரும்பிப் பாத்துச்சு.

ஒச்சப்பன் தலையச் சொறிஞ்சாரு. "பேரச் சொல்லிருவேன் ராசா. சொன்னா எந் தலை நிக்குமான்னுதான் பாக்குறேன். கல்லுக்கு நாலு தோசை குடுக்குறீக. பெத்த மகளுக்கு ஒரு தோசைதானா?"

ராசா பொத்துன்னு உக்காந்துட்டாரு. பண்டிதர்தான் துள்ளுனாரு: "கல்லு வேற, மனுசன் வேற! எம் மருமகன் விழுந்ததே இல்லையே!"

"வாஸ்தவம் சாமி. ஏறுனது உண்டா?"

குதிரை வந்துச்சு. நம்பி அத ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "மாமா, இதுல எந்தப் பக்கம் மொகம்?"ன்னான். தூக்கி ஏத்துனாங்க. வாலப் பாத்து உக்காந்தான். குதிரை ஒரு தும்மல்தான் போட்டுச்சு. நம்பி வைக்கப்போர்ல கெடந்தான்.

"பிரபோ, இன்னும் ஒரே ஒரு தடவை..." பண்டிதர் குரல் அன்னைக்குத்தான் மூக்க விட்டு எறங்கித் தொண்டையில இருந்து வந்துச்சு.

"மொதத் தடவை வராதவனுக்கு?"ன்னு மந்திரி கேட்டாரு.

"எப்பவுமே வராது!"ன்னு சபையே கூவிச் சிரிச்சுச்சு.

ராசாவுக்கும் சிரிப்பு வந்துருச்சு. கழுத்து முத்துமாலையக் கழத்தி மந்திரிக்குப் போட்டாரு. "சட்டம் செத்துச்சு. பட்டம் எம் மகளுக்குத்தான். டேய் நம்பி, நாளையிலருந்து நீயும் வந்து விழுந்து பழகு. பண்டிதரே, நீரு சமையக்கட்டுக்குப் போயி எறிஞ்ச கல்லையெல்லாம் பழக்கும். பிஞ்ச தோசைய நீரேதான் திங்கணும். வடிவு, ஏறும்மா!"

வடிவு ஏறுனா. குதிரை நந்தவனம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அங்க போயி, பொத்து!

ராசாவுக்குப் பழைய புத்தி சும்மா இருக்குமா? "என்னம்மா, இன்னைக்கும் விழுந்துட்டியே!"

வடிவு எந்திரிச்சா. மண்ணத் தட்டுனா. மறுபடி சேணத்துல கைய வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா.

"நேத்து லாயத்து வாசல்ல விழுந்தேன், இன்னைக்கு நந்தவனத்துல விழுந்திருக்கேன். அத விடுங்கப்பா. உங்க ரெண்டாவது அம்பு எப்போ?"