செம்புக் கம்பியில் வந்த மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரமும் பெண்ணைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். என் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு மட்டும் விளங்கவில்லை. பெற்ற பெண்ணைப் பார்க்க ஆள் வந்திருந்த அன்றைக்கு அவர் ஆயிரத்தையும் தன் வீட்டு டெலிபோன் ஒயரைப் பற்றியே சொல்லித் தீர்த்தார்.

அந்த ஒயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் டெலிபோன் மச்சானுடையது. அந்தப் பெருமை அவருக்கு இன்னும் இறங்கவில்லை. தெருவில் எல்லோரும் லேண்ட்லைனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். மச்சான் மட்டும் மாறவில்லை. "இருக்கிற டெலிபோன் கம்பியிலேயே அதிவேக இண்டர்நெட்" என்று யாரோ ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போக, மறுநாளே போய்ச் சேர்ந்துகொண்டார். அந்தச் செம்புக் கம்பியில் இண்டர்நெட் வருகிறது என்பது உண்மைதான். எங்கள் தெருவுக்கு டவுன் பஸ் வருகிறது என்பதும் உண்மைதான். ரெண்டையும் நம்பி யாரும் கிளம்புவதில்லை.

மாப்பிள்ளைப் பையன் நந்தகிஷோருக்கு டென்மார்க்கில் வேலை. பொள்ளாச்சியிலிருந்து அவனுடைய அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் நேரில் வருவது, பையன் அதே நேரத்தில் வீடியோவில் வந்து பெண்ணைப் பார்ப்பது என்று ஏற்பாடு. என் அக்கா மகள் தாரணி, "என்ற போன்லயே பேசிக்கலாமுங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். "செம்புக் கம்பி இருக்கிற வீட்டுல செல்போன்ல சம்பந்தம் பேசறதா? ஊரு சிரிக்காது?" என்று மச்சான் குதித்தார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை அவருக்கு யார் சொல்வது.

தாரணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, இந்த இடம் எனக்குப் புடிச்சிருக்குதுங்க. எப்படியாச்சும் அப்பா வாயை மட்டும் பாத்துக்குங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் பயம் நியாயமானது. முன்பு வந்த ரெண்டு இடமும் அந்த வாயால்தான் போனது. ஒரு வீட்டாரிடம், தன் கிணறு அத்தனை ஆழம், பொங்கலுக்கு அதில் விழுந்த சொம்பு இன்னும் தண்ணியைத் தொடவில்லை என்றார். இன்னொரு வீட்டாரிடம் என்ன சொன்னார் என்பதை என் அக்கா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தாரணிக்கு வாக்குக் கொடுத்தேன். ஆழியாறு அணை மதகைக் கையால் அடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவாவது நடந்திருக்கும்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. மச்சான் டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, கூடம் முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். பையனைக் கூப்பிட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

பையனின் அப்பாவுக்கு அக்காவான அத்தை மயிலாத்தாள்தான் அவர்கள் வீட்டில் செல்வாக்கு உள்ளவர் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. வலது காதில் கறுப்பாக ஏதோ மாட்டியிருந்தார். காது மந்தம் போலிருக்கிறது, மிஷின் வைத்திருக்கிறார் என்று மச்சான் முடிவு கட்டிவிட்டார். அதனால் அன்றைக்கு அவர் சொன்னதெல்லாம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

"என்னங்க, சுத்திட்டே இருக்குது?" என்றார் மயிலாத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் திறந்துவிட்டார். "அது வேகமுங்க! பம்பரம் பாத்திருக்கீங்களா? நல்லா சுத்தறப்பத்தான் நின்ன மாதிரி தெரியும். நம்ம லைன் அப்படி. போன வாரம் ஒரு படத்தை இறக்கலாமுன்னு பட்டனை அமுக்கினனுங்க. அமுக்கின பட்டன் மேல வர்றதுக்குள்ள படம் இறங்கி முடிஞ்சுருச்சு. வந்த வேகத்துல பாதி வசனத்தை டென்ட் கொட்டாயி மாதிரி வழியிலயே வெட்டிட்டு வந்துருச்சுன்னா பாத்துக்குங்க."

"மச்சான், பஜ்ஜி ஆறுது" என்றேன்.

"நீ தின்னு மாப்ள."

மயிலாத்தாள் தலையைச் சாய்த்து, காதில் இருந்ததை விரலால் அழுத்திக்கொண்டார். பிறகு, "எங்கூர்ல அந்தக் கம்பியில காக்காதானுங்க உக்காருது. உங்களுக்கு மட்டும் எப்படி இத்தன வேகம்?" என்றார்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். மச்சான் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"காக்காயின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் வெசயமே இருக்குது. நம்ம வீட்டுக் கம்பியில காக்கா, மைனா எதுவும் உக்கார முடியாதுங்க. உக்காந்தா அவ்வளவுதான், உள்ள ஓடற வேகம் காலைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிரும். இங்க உக்கார்ற மைனா அடுத்த நிமிசம் எக்ஸ்சேஞ்சுல நிக்குது. சாயந்தரமானா எக்ஸ்சேஞ்சு ஆளுக அத்தனையும் கூடையில போட்டு, டவுன் பஸ்ஸுல ஏத்தி இங்க அனுப்பி வைக்கறாங்க. கண்டக்டரு டிக்கெட்டுக் கேக்கறதில்ல, பழகிருச்சு."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கூரையைப் பார்த்தார். மயிலாத்தாள் மட்டும் முகம் மாறாமல், "அட, பாவமே" என்றார். "பஸ் கெடைக்காத மைனாவெல்லாம் நடந்தே வந்துருதுங்களா?"

"மானமுள்ள மைனா நடந்து வந்துருமுங்க. மத்தது பஸ்ஸுதான்."

நான் மச்சானின் காலை மிதித்தேன். அவர் காலை எடுத்து நாற்காலி மேல் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். அந்த நேரம் பார்த்து டிவியில் வட்டம் மறைந்தது. அதை ஓரக்கண்ணால் கண்ட மச்சான், "பாத்தீங்களா! சுத்தறது நின்னுருச்சு! மாப்பிள்ளை வந்துட்டாரு!" என்று திரும்பாமலே கையை மட்டும் டிவி பக்கம் நீட்டினார்.

காப்பித் தட்டோடு வந்த தாரணி டிவியைப் பார்த்தாள். "அப்பா, கரண்ட் போயிருச்சுங்க" என்றாள்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு அடங்கியிருப்பார். வெட்கம் என்பது சிலருக்கு அம்மை ஊசி மாதிரி, சின்ன வயதில் போடாமல் விட்டால் விட்டதுதான். மச்சான் சிரித்தார்.

"கரண்டா? செம்புக் கம்பிக்குக் கரண்ட் எதுக்குங்க? அதுவே நமக்குக் கரண்ட் குடுக்கும். போன மழைக்கு டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ஊரே இருட்டுல கெடந்துச்சு. நான் என்ன பண்ணினேன்? டெலிபோன் ஒயரைக் கொண்டு போயி கிணத்து மோட்டர்ல குடுத்தேன். அது இழுத்த இழுப்புல, மொதல்ல பாட்டு வந்துச்சு, அப்புறம் சினிமா டிரெய்லர் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் தண்ணி வந்துச்சு. அந்தத் தண்ணி பாஞ்ச தென்னையில இன்னைக்கும் எளநி வெட்டினா கிரிக்கெட்டு ஸ்கோரு கேக்குதுங்க."

"கேக்கறவன் கேணையா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பாங்க" என்றார் மயிலாத்தாள். "நீங்க எளநியில ஸ்கோரே வடிய வெச்சுட்டீங்க. இந்தக் கம்பியை இன்னும் திருடனுக விட்டு வெச்சிருக்கறதுதானுங்க அதிசயம்."

எங்கே குழி வெட்டினாலும் அதில் தண்ணியைக் கண்டுவிடுகிற ஆள் என் மச்சான். "திருடனா? வந்தானுங்களே!" என்று துள்ளினார். "ஒருத்தன் வந்து, அருவாளால ஒரே வெட்டு. கம்பி ரெண்டாப் போச்சு. ஆனா வந்துட்டு இருந்த வேகம் நிக்குமுங்களா? வெட்டின இடத்தை ஒரே தாவாத் தாவி, இந்தப் பக்கத்துக் கம்பியைப் புடிச்சு வீட்டுக்கு வந்து சேந்துருச்சு. எனக்கு ஒரு சொட்டுக் கொறையல. பாவம், அந்தத் திருடன்தான் மாட்டிக்கிட்டான். ஒரு முனை அவன் கையில இருந்துச்சல்லங்க? அது வழியா இண்டர்நெட்டு மொத்தமும் அவன் மண்டைக்குள்ள எறங்கிருச்சு. மூணாங்கிளாஸ் தாண்டாதவன், நின்ன இடத்துலயே பதினோரு பாசை பேச ஆரம்பிச்சுட்டான். இப்ப ஒரு காலேஜுல புரபசரா இருக்கறானுங்க. தீவாளிக்கு வந்து என்ற கால்ல உழுந்துட்டுப் போனான்."

மயிலாத்தாள் மறுபடி தலையைச் சாய்த்தார். மிஷின் சரியில்லை போலும் என்று நினைத்தேன். "எங்க பையனை இத்தன பீஸ் கட்டிப் படிக்க வெச்சதுக்கு, உங்க ஒயரைப் புடிச்சுட்டு நிக்கச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார். மாப்பிள்ளையின் அப்பா இப்போது வாசலில் விட்டிருந்த தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

கரண்ட் வந்தது. டிவி விழித்தது. அந்தப் பாழாய்ப்போன வட்டமும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கியது.

"அப்ப இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார் மயிலாத்தாள். "இத்தன வேகமான கம்பியில எங்க பையன் மூஞ்சி மட்டும் ஏனுங்க வரமாட்டேங்குது?"

மச்சான் வட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இத்தோடு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"வரமாட்டேங்குதா? அது தாண்டிப் போயிருச்சுங்க!" என்றார். "நம்ம லைன் இன்னைக்கோட நிக்கறதில்ல. அதுபாட்டுக்கு அடுத்த வருசத்துக்குள்ள ஓடிட்டு இருக்குது. மாப்பிள்ளையைக் கூப்பிடப் போனது, போன வேகத்துல கல்யாணத்தையும் தாண்டி, இப்பப் பேரனைத் தூக்கிட்டு வர்றதுக்குப் போயிருக்குது. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா அழுகிற சத்தமே கேக்கும்."

கதவோரம் நின்ற தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். என் அக்கா சமையலறைக்குள்ளிருந்து "கடவுளே" என்றாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பேரப்பிள்ளையின் அழுகையைக் கேட்கச் சொன்ன ஒரே தகப்பன் இந்தக் கொங்கு நாட்டிலேயே இவராகத்தான் இருப்பார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒயரைப் பிடுங்கி அவர் வாயைச் சுற்றிக் கட்டியிருப்பேன்.

மயிலாத்தாள் காதில் இருந்ததைக் கழற்றினார். மடியில் கைப்பைக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்த செல்போனை எடுத்து, ரெண்டு இடத்தில் தட்டினார்.

"காது எனக்கு நல்லாத்தான் கேக்குதுங்க, இது போன்ல பேசற மிஷினு" என்றார். "கேசரி வந்தப்ப இருந்தே பையன் இந்தப் போன்லதான் இருக்கறான். நீங்க கத்தின கத்துல அவனுக்கு ஒரு வார்த்தை கூடத் தப்பல. நானாக் கேட்டது பாதி, அவன் கேக்கச் சொன்னது பாதி. இந்தா கண்ணு, உன்றகிட்டப் பேசோணுமாம்."

தாரணி முன்னால் வந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"சொல்லுங்க... ஆமாங்க, பொய்தாங்க. மைனா பொய்ங்க. எளநி பொய்ங்க. திருடனும் பொய்ங்க, எங்க ஒயரை எந்தத் திருடனும் தொட மாட்டானுங்க. மழை பேஞ்சா அதுல கொரகொரன்னு சத்தம் மட்டும்தாங்க வரும்." அப்பாவைப் பார்த்தாள். "ஆனா அவரு யாரையும் ஏமாத்தறதுக்குச் சொல்றதில்லீங்க. சொல்லாம இருக்க அவருக்கு ஆகாது. என்னைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா அழுதுருவாருங்க, அதான் ஒயரைப் பத்திச் சொல்றாரு... நானா? நான் உள்ளதைத்தாங்க சொல்லுவேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான் தலை குனிந்திருந்தது. அவரை அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை நேரம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு நிமிடம் பாவமே என்று நினைத்தேன்.

மயிலாத்தாள் போனை இன்னொரு தரம் காதில் வைத்து, "ம்... ம்... செரி சாமி" என்று சொல்லி வைத்துவிட்டார். தம்பியின் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செரிங்க. நாங்க ஊருக்குப் போயி லெட்டர் போடறம்."

பெண் இருக்கிற வீட்டில் எவருக்கும் அந்த வாக்கியத்தின் பொருள் தெரியும். ஊருக்குப் போவார்கள், லெட்டர் மட்டும் வராது. சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. மூன்றாவது இடமும் போயிற்று. தாரணி முகத்தில் இனி எப்படி விழிப்பது?

மச்சான் மெல்ல எழுந்தார். கை கூப்பினார். இனிமேலாவது வாயை மூடுவார் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம்.

"லெட்டர் எதுக்குங்க அந்தக் காலத்து ஆளுக மாதிரி?" என்றார். "வேண்டாம்னாலும் சொல்லிப் போடுங்க, பரவால்ல. ஒரு மெயில் தட்டுனீங்கன்னா நம்ம கம்பியில, நீங்க தெரு முனை திரும்பறதுக்குள்ள..."

வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மயிலாத்தாள் திரும்பினார்.

"வேண்டாமுங்க சம்பந்தி. முகூர்த்தத் தேதி எழுதற லெட்டரு. ஆடி பொறக்கறதுக்குள்ள உங்க கைக்கு வந்து சேரோணும். தபால்லயே போட்டுடறம்."