மடியில் வைத்த கும்பம்

மலையடி ஊர்ப் பெண்களெல்லாம் சங்கமாகச் சேர்ந்து, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக நல்ல ரோடு கேட்டார்கள். பார்க்க வந்த அதிகாரி பூரணகும்ப மரியாதையை ஏற்றுக்கொண்டு, "ரோட்டுக்கு என்ன குறைச்சல்? என் ஜீப் வரலையா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து நிறைமாத வேலம்மாளுக்கு வலி கண்டது. ஜீப்பிலேயே ஏற்றினார்கள். கும்பம் ஏந்தி நின்ற களையெடுக்கும் மாரக்காள், அதை முன்சீட்டில் உட்கார்ந்த அதிகாரியின் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் சிந்தாமக் கொண்டு வாங்கய்யா. அப்புறம் நாங்க ரோடே கேக்கல."

முதல் பள்ளத்தில் அவர் சட்டை நனைந்தது. அடுத்ததில் தேங்காய் உருண்டது. வேலம்மாள் அலறினாள்.

"மெதுவாப் போப்பா!" என்று டிரைவரிடம் கத்தினார்.

"மெதுவாப் போனா பிள்ளை தாங்காது. வேகமாப் போனா தாய் தாங்கமாட்டா. எப்படிப் போகட்டும், நீங்களே சொல்லுங்கய்யா" என்றாள் மாரக்காள்.

அதிகாரி மடியிலிருந்த கும்பத்தைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.