ஊருக்கு ஒரு டங்கிள்வொர்த்

என் பெயர் பெர்சி டங்கிள்வொர்த். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

ஊர் போத்தனூர். கூட்ஸ் வண்டி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். வீட்டுக்குள் ஆங்கிலம், வாசலில் தமிழ். பெருமை பேசுவதென்றால் எனக்குத் தமிழ்தான் வசதி. ஆங்கிலத்தில் பேசினால் மனைவி ஹில்டா குறுக்கே வந்து திருத்துவாள்.

எங்களுக்கு ஒரே மகள், லொரேன். மகன் இல்லை. இந்தியாவில் இந்தப் பெயருள்ள ஆண் நான் ஒருவன். அவள் கல்யாணமாகிப் போய், நானும் போய்விட்டால், அப்புறம் இந்தப் பெயர் போத்தனூரில் கல்லறைக் கல்லில்தான் இருக்கும். அதனால் முடிவு செய்தேன். வரப்போகிற மாப்பிள்ளை என் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். திருமூர்த்தி டங்கிள்வொர்த். சொல்லிப் பாருங்கள். ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள், நல்ல மனிதர்கள், யோசிப்பார்கள் என்று ஹில்டா சொன்னாள். கேட்பது எனக்கு வராது. பெயரின் பெருமையை எடுத்துச் சொன்னால் அவர்களே வாங்கிக்கொண்டு போவார்கள் என்றேன். ஹில்டா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அது சம்மதம் இல்லை. எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை திருமூர்த்தி, லொரேன் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவன் அப்பா நஞ்சப்பன், கிணத்துக்கடவில் தக்காளி மண்டி வைத்திருக்கிறவர். அம்மா சுப்பாத்தாள். கையில் ஒரு தட்டு. அதில் ஒரு பொட்டலம் உப்பு, ஒரு பொட்டலம் சர்க்கரை. அவர்கள் பக்கத்து வழக்கம் அது. உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. அப்புறம் யாரும் பின்வாங்கக் கூடாது.

சுப்பாத்தாள் தட்டை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. முதலில் என் பெயரைப் பற்றிச் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். லொரேன் கூரையைப் பார்த்தாள். தட்டு நடு மேஜைக்கு வந்தது.

ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. எல்லாரும் ஜான். ஒரு போரில் ராஜா, "ஜான், முன்னால் வா" என்று ஒரு ஆளைக் கூப்பிட்டார். மொத்தப் படையும் முன்னால் வந்துவிட்டது. பின்பக்கம் காலி. எதிரி பின்பக்கமாக வந்து ராஜாவின் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கே ராஜா முடிவு செய்தார், ஆளுக்கொரு குடும்பப் பெயர் என்று. வரிசையில் முதலில் நின்றவர் எங்கள் முப்பாட்டன். ராஜா கண்ணை மூடி மூன்று நாள் யோசித்து டங்கிள்வொர்த் என்று சொன்னார். அதோடு அவருக்கு யோசனை தீர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்களை என்ன தொழில் என்று கேட்டு அதையே பெயராக வைத்து அனுப்பிவிட்டார். கொல்லன், தச்சன், ரொட்டிக்காரன் என்று இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்துக்கொண்டு திரிவது அதனால்தான்.

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். ராஜா நேரிலேயே கொடுத்தாரா என்று கேட்டார். நேரில்தான் என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

அப்படியென்றால் இந்தப் பெயர் ஏன் அதிகம் இல்லை என்று திருமூர்த்தி கேட்டான். கணக்கு வாத்தியார் புத்தி.

அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெயரின் கனம். ஒரு ஊர் ஒரு டங்கிள்வொர்த்தைத்தான் தாங்கும். இது எங்கள் குடும்பச் சட்டம். ஒருமுறை ஒரு துறைமுகத்து ஊரில் ஏற்கெனவே ஒருவர் இருப்பது தெரியாமல் இன்னொருவர் போய் இறங்கிவிட்டார். ஊர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துறைமுகத்துத் தண்ணீர் முழுக்க வழிந்து வெளியே போய்விட்டது. கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. இரண்டாமவர் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் தண்ணீர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பிறந்த ஊரில் தங்குவதில்லை. மூத்தவன் இருப்பான். மற்றவர்கள் கப்பல் ஏறிவிடுவார்கள். ஊருக்கு ஒருவர். உலகம் பூராவும்.

சுப்பாத்தாள், ஹில்டா வைத்த ரோஸ் குக்கீஸில் ஒன்றை எடுத்து ஒடித்தார். எங்க ஊர் அச்சு முறுக்கேதானுங்க இது என்று ஹில்டாவிடம் சொன்னார். ஹில்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மாவுப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தாள். நான் குரலை உயர்த்தினேன்.

ஆஸ்திரேலியாவுக்கு ஒருவர் போனார். அதுவரை கங்காரு நான்கு காலில் நடந்துகொண்டிருந்த மிருகம். டங்கிள்வொர்த் கரையிறங்கி, பெயரைச் சொன்னார். கங்காரு மரியாதைக்கு எழுந்து நின்றது. உட்கார் என்று சொல்ல அவர் மறந்துவிட்டார். இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறது.

தென் துருவத்துக்கு ஒருவர் போனார். அங்கே ஊரே இல்லையே என்றான் திருமூர்த்தி. அவர் போனார், ஊர் ஆனது. அங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் வடக்கு. அவர் வீட்டுக்கு நான்கு வாசல், நான்கும் வடக்கு வாசல். இங்கேயிருந்து ஒரு வாஸ்துக்காரர் கிளம்பிப் போய்ப் பார்த்தார். ஈசான மூலையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தொழிலை விட்டுவிட்டு ஐஸ் வியாபாரம் செய்யப் போய்விட்டார்.

நஞ்சப்பன் மெதுவாகக் கேட்டார், நிலாவில் யாரும் இல்லையா என்று. கேலி. எனக்குத் தெரியாதா. நிலாவில் ஒருவர் இருந்தார், தேய்பிறையில் இடம் போதாமல் இறங்கி வந்துவிட்டார் என்றேன்.

அடுத்தது இந்தியா. என் தாத்தாவின் அப்பா ரயில் பாதை போட வந்தவர். அப்போது மேற்கு மலை ஒரே சுவர். பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று கிடையாது. போத்தனூரில் இறங்கினார். குடும்பச் சட்டப்படி, பக்கத்தில் வேறு டங்கிள்வொர்த் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கே பார்த்து வாயில் கையைக் குவித்துப் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. வழி கிடைத்தது, அதில் தண்டவாளத்தைப் போட்டார்கள். ஆடி மாதம் கோயம்புத்தூருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்.

நஞ்சப்பன் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் காத்துல போன வருசம் எங்க தோட்டத்துல ஆறு தென்னை சாஞ்சுதுங்க சார். அதையும் உங்க கணக்குலயே வெச்சுக்கலாமுங்களா?"

ஹில்டா சிரித்தாள். சொந்த மனைவி. கவனித்துக்கொண்டேன்.

இனி இழுக்க வேண்டாம் என்று விஷயத்துக்கு வந்தேன். இப்படிப்பட்ட பெயரை உங்கள் பையன் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் உப்புச் சர்க்கரை. இல்லையென்றால் தட்டு வந்த வழியே போகலாம்.

லொரேன், "டாடி" என்றாள். ஒரே ஒரு தடவை. அவளுக்கு முப்பத்தொரு வயது. இதுவரை எத்தனையோ பேரை வேண்டாம் என்றவள், இவனை மட்டும்தான் தானே வீட்டுக்குக் கூட்டி வந்தவள். அந்த ஒரு சொல்லில் அத்தனையும் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நஞ்சப்பன் கோபப்படவில்லை. தங்கள் பக்கத்தில் குடும்பப் பெயரே கிடையாது என்று சொன்னார். அப்பன் பெயரில் முதல் எழுத்து, அவ்வளவுதான். அவருடையது திருமூர்த்திக்கு முன்னால் நிற்கிறது. திருமூர்த்தியுடையது அவன் பிள்ளைக்கு முன்னால் நிற்கும். அவருடைய எழுத்து அதோடு போய்விடும்.

சட்டை மாற்றுவதுபோல மாற்றுகிறீர்கள், அது ஒரு பெயரா என்றேன்.

"அப்பப்பத் தொவச்சுப் போட்டுக்கறோம்ங்க" என்றார்.

பிறகு ஒரு ரோஸ் குக்கீஸை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மண்டிக்காரர். கூடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

"சார் சொன்னதையெல்லாம் நான் அப்படியே நம்பிட்டனுங்க. ஊருக்கு ஒருத்தர் இருக்காங்க. ஆஸ்திரேலியாவுல இருக்காங்க, தென் துருவத்துல இருக்காங்க. நிலாவுக்குப் போனவர்கூடத் திரும்பி வந்துட்டாருங்க. பேரைக் காப்பாத்த இத்தனை பேர் இருக்கறப்ப, எம்பையன் ஒருத்தன் எதுக்குங்க?"

முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். சிவப்பு விளக்கை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

பிரேக் போடுகிற ஆள் வேறு. நான் இன்னும் கொஞ்சம் நீராவி கொடுத்தேன்.

"அவர்கள் யாரும் இப்போது இல்லை" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போன மாதம்தான் நடந்தது என்று சொன்னேன். உலகம் பூராவும் இருந்த டங்கிள்வொர்த்துகள், ஒருமுறையாவது ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரே கப்பலில் ஏறினார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு ஊரே இரண்டு பேரைத் தாங்காது, ஒரு கப்பல் எப்படித் தாங்கும். நடுக்கடலில் ஆளுக்கு ஆள் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கினார்கள். முதல் வரிசை கைகுலுக்கி முடிப்பதற்குள் கப்பல் உள்ளே போய்விட்டது. ஒருவர் பாக்கியில்லை. நான் ஒருவன்தான் மிச்சம்.

சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுத்தேன். அத்தனை பேர். பாவம்.

சுப்பாத்தாள் அச்சு முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத அம்மாள்.

"ஏனுங்கண்ணா, ஒரே பேருன்னா அவிங்கெல்லாம் உங்களுக்குப் பங்காளிதானுங்க?"

ஆமாம் என்றேன்.

"பங்காளிக அத்தனை பேரும் போயிட்டாங்களா. நீங்க சொல்லவே இல்லீங்களே. துக்க வீட்டுக்கு உப்புச் சர்க்கரை கொண்டாந்துட்டமே." எழுந்து நின்று முந்தானையைச் சரி செய்தார். "ஒரு வருசத்துக்கு இந்த வீட்டுல நல்ல காரியம் பேசப்படாதுங்க. அடுத்த வருசம் ஆடி கழிஞ்சு வர்றம்."

நஞ்சப்பனும் எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்தார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எப்படி வரவழைத்தாரோ. சுப்பாத்தாள் தட்டைத் தூக்கினார்.

எங்கள் வழக்கத்தில் அப்படி எல்லாம் கிடையாது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்ல முடியாது. கல்யாணம் இரண்டு பக்கத்து வழக்கப்படியும் நடக்க வேண்டும் என்று போன வாரம் அடம்பிடித்தவன் நான்தான்.

திருமூர்த்தி லொரேனைப் பார்த்தான். லொரேன் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கத்தில் வந்து, முழங்கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னாள்.

"டாடி, நல்லா யோசிச்சுப் பாருங்க. யாருக்காவது நீச்சல் தெரிஞ்சிருக்கும்."

என் பெண். சந்தேகமே வேண்டாம்.

தட்டு வாசற்படி வரை போய்விட்டது. யோசிக்க நேரமில்லை.

"மூழ்கியது கப்பல்தான்" என்றேன். "டங்கிள்வொர்த்துகள் மூழ்க மாட்டார்கள். கடலின் அடித்தரையில் வரிசையாக நடந்தார்கள். வழியில் ஒரு திமிங்கலம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. அவரவர் ஊர் வந்ததும் கரையேறி, சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்."

சுப்பாத்தாள் திரும்பினார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?"

"ஒருவருக்குச் சளி."

"அப்பப் பேரை அவிங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லித் தட்டை என் முன்னால் நீட்டினார்.

நான் தட்டைப் பார்த்தேன். அந்தப் பக்கம் லொரேன் நின்றுகொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டேன். அதுவரை சார் என்று கூப்பிட்ட நஞ்சப்பன், "சந்தோசமுங்க சம்பந்தி" என்றார்.

தட்டை வாங்குகிற அவசரத்தில் நான் உப்பைக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டதாக ஹில்டா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பாதீர்கள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.